பலீலாவின் இடம்

பதுளை
18.02.2024

அன்புத் தங்கை உம்மு குல்தூமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் சுகத்தைக் கூட்டித் தரட்டும். அப்புத்தளைப் பனியில் உன் இளைப்பு கூடாமல் இருக்கிறதா?

நேற்றுப் போனைப் பாதிப் பேச்சில் வைத்தேன் என்று கோபிக்காதே. “நான் பலீலா பேசுறேன்” என்று உன்னிடம் சொன்னது முன்னறையில் இருந்த அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “என்ட பொண்டாட்டிட பேர ஏன் சொல்றீங்க, ராத்தா?”

ஆமாம், ராத்தா. நீ என்னைக் கூப்பிடுகிற அதே சொல். கட்டின புருஷன் வாயால் எனக்கு அக்கா முறை கிடைத்திருக்கிறது. இனி போனில் பேச முடியாது. எழுதுகிறேன்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அவர் நினைவில்லாமல் கிடந்தார். அதற்கு முந்தியது உனக்குத் தெரியாது. காய்ச்சலும் தலையிடியும்தான் முதலில். ஊரெல்லாம் டெங்கு, நானும் பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில், “கருவாடு கருகுது, அடுப்பப் பாரு” என்றார். அடுப்பே மூட்டவில்லை. அன்று பின்னேரம் கடையில் ரெயின்கோட் மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார், வலிப்பு வந்துவிட்டது.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டொக்டர் நளீரா, நம்மட ஊர்ப் பிள்ளைதான், படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். வலது காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கத்து மடிப்பில், வெள்ளை வெளேரென்று ஒரு வீக்கம். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த வைரஸ்தானாம். பாதிப் பேர் உடம்பில் சும்மா படுத்துக்கிடக்குமாம். லட்சக்கணக்கில் யாரோ ஒருத்தருக்கு மூளைக்குள் ஏறுமாம். உதட்டுக் கொப்புளத்துக்கு மூளையில் என்ன வேலை என்று கேட்டேன். அது தங்களுக்கும் முழுதாகத் தெரியாது என்றாள்.

உயிர் மிஞ்சியது, அல்ஹம்துலில்லாஹ். பேச்சு, எழுத்து, தொழுகை எல்லாம் மிஞ்சின. ஆட்களை அடையாளம் காண்பது மட்டும் போய்விட்டது. முகம் பார்த்தும் தெரியவில்லை, குரல் கேட்டும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்துக்கூடை வாங்க வந்தவரை வருஷம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவந்த மனுஷன், நம் தம்பி ஜஸீலைக் கடைக்குப் புதிதாக வந்த பையன் என்கிறார். பலீலா என்று ஒரு மனைவி இருப்பது நன்றாக நினைவிருக்கிறது. அவள் எங்கே என்று என்னிடமே கேட்கிறார். நான் ஆஸ்பத்திரி அனுப்பிய பெண்ணாம்.

அந்நியப் பெண்ணோடு தனி வீட்டில் இருப்பது பாவம் என்று முன்கதவை இராப்பகலாகத் திறந்து வைத்திருக்கிறார். குளிர் உள்ளே வந்து குடியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாலாவது ஏதும் நினைவு வருமோ என்றால், பார்க்கவே மாட்டேன் என்கிறார். பார்வையைத் தாழ்த்துகிற அந்தக் குணத்துக்காகத்தான் வாப்பா என்னை இவருக்குக் கொடுத்தார். இப்போது அந்தக் குணத்தைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும்போல் இருக்கிறது.

எங்களுக்காக துஆ கேள்.

உன் ராத்தா,
பலீலா

•

அப்புத்தளை
25.02.2024

என் அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். இளைப்பு என்னை விட்டுப் போகிற சாதியில்லை, அதைப் பற்றி யோசிக்காதே.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு, சொன்னால் அடிப்பாய், சிரித்தேன். ஷுக்ரி மச்சானுக்கு நீ ராத்தா என்றால் நான் யார்? நான் வந்து நின்றாலும், “இது யார் புதுப் பொம்பிளை” என்று கதவோடு யன்னலையும் திறந்து வைப்பார்.

நீதான் பலீலா என்று நேராகச் சொல்லிப் பார்த்தாயா? நிக்காஹ் படத்தைக் காட்டினாயா? சாப்பிடாமல் கிடக்காதே. நீயும் விழுந்தால் அந்த மனுஷனை யார் பார்ப்பது?

உன் தங்கை,
உம்மு குல்தூம்

•

பதுளை
08.03.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உனக்கும் பிள்ளைகளுக்கும் நோன்பு மாதம் நலமாகப் பிறக்கட்டும்.

நேராகவும் சொன்னேன், சுற்றியும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும், “நல்ல குடும்பத்துப் பொம்பிளையா இரிக்கிறீங்க, இப்பிடிப் பொய் சொல்லப்படாது” என்று மரியாதையாகப் புத்தி சொல்கிறார். நிக்காஹ் படத்தில் மாப்பிள்ளையே யார் என்று தெரியவில்லை அவருக்கு.

ஆனால் ஒன்று நடந்தது. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைப் பெட்டியில், பகல் சாப்பிட்ட பின் இரண்டு என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருந்தேன். அதைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் பார்க்கிறேன். “இது என்ட பலீலாட எழுத்து,” என்றார். “எங்க போனாலும் எனக்கு மருந்து எழுதி வச்சிட்டுத்தான் போவா.”

எழுத்தை அறிகிற இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறதாம், அங்கே கிருமி போகவில்லையாம். டொக்டர் பிள்ளை சொன்னாள்.

அதனால் அவருக்கு நான் எழுதப்போகிறேன். உனக்குக் கால் முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள நான் அப்புத்தளைக்கு வந்திருக்கிறேன். அவருக்கான கடிதத்தை உனக்கு அனுப்புவேன், முத்திரை வாங்கி ஒட்டி உன் தபாற்கந்தோரில் போட்டுவிடு. பதுளை முத்திரை விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார், கடைக்காரப் புத்தி அப்படியே இருக்கிறது. பொய் சொல்வதற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும். உன் காலும் மன்னிக்கட்டும்.

ராத்தா

•

அப்புத்தளை
10.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தலையிடி குறைந்ததா? தங்கைக்குக் கால் முறிந்ததால் சொல்லிக்கொள்ள நேரமில்லாமல் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி அனுப்பிய பெண் உங்களைக் கவனிக்கிறாள் என்று அறிந்தேன். அவள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அவளோடு முரண்டு பிடிக்க வேண்டாம். முன்கதவை இரவிலாவது சாத்துங்கள், சளி பிடிக்கும்.

இங்கே எனக்கு உங்கள் நினைவாகவே இருக்கிறது. இப்படியெல்லாம் நான் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருக்கும்போது சொல்ல வாய் வருவதில்லை.

பதில் எழுதுங்கள்.

பலீலா

•

பதுளை
24.03.2024

என் அன்பு மனைவி பலீலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். உன் தங்கைக்குச் சீக்கிரம் குணமாக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எனக்குச் சுகம். நோன்பு பிடிக்க டொக்டர் விடவில்லை, அதுதான் மனக்குறை.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் எழுதவில்லை. நீ பக்கத்திலேயே இருந்தாய், எழுதத் தேவை வரவில்லை. இப்போது வீட்டில் உன் சத்தம் இல்லை. நீ என்னை ஏசுவதைக் கேட்காமல் பொழுது போகமாட்டேன் என்கிறது.

அந்தப் பெண் நல்லவள். நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். உன் கைப்பக்குவம் இல்லை, ஆனாலும் குறை சொல்லவில்லை. நமுனுகுலத் தோட்டத்து தனலெட்சுமி என்னைப் பார்க்க வந்தாள். முகம் தெரியவில்லை, பெயர் சொன்னதும் தெரிந்துகொண்டேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “மொதலாளி, இது ஒங்க வீட்டம்மாதானுங்களே” என்றாள். பாவம், அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. கண் டொக்டரிடம் போகச் சொன்னேன்.

கடிதத்தைத் தபாலில் போட இந்தப் பெண்ணிடமே கொடுக்கிறேன். பிரித்துப் படிக்கிறவள்போல் தெரியவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ஷுக்ரி

•

அப்புத்தளை
02.05.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதங்களைத் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறேன்.

இனி என்னால் முடியவில்லை. இதைப் படித்துப் பயப்படாதீர்கள். நான் அப்புத்தளையில் இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் அடுக்களையில் நிற்கிறேன். தங்கைக்குக் கால் முறியவில்லை. அந்தக் கஞ்சியைக் காய்ச்சியது நான். நீங்கள் ராத்தா என்று கூப்பிடுவது என்னைத்தான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு தடவை தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பாருங்கள். எனக்காகப் பாருங்கள்.

உங்கள் பலீலா

•

பதுளை
19.06.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் சுகத்தை எழுதவில்லையே, இளைப்பு எப்படி? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய இறைச்சி கிடைத்தது.

மே மாதம் போட்ட கடிதத்தில் நான் உண்மையை எழுதியிருந்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் தடுத்திருப்பாய். படித்ததும் அவர் கடிதத்தைக் கீழே போட்டார். இது பலீலா எழுதவில்லை, இந்தப் பொம்பிளை எழுத்தைப் பழகிக்கொண்டு என் மனைவியை ஏதோ செய்துவிட்டாள் என்று வாசலில் போய் நின்றுகொண்டார். சாப்பிட மறுத்தார். வலிப்பும் வந்தது. டொக்டர் பிள்ளை என்னை ஏசினாள். கடைசியில், உங்களைச் சோதிக்க விளையாட்டாக எழுதினேன் என்று இன்னொன்று எழுதியதும்தான் அடங்கினார். “பலீலாக்கு எப்பயும் வெளயாட்டு” என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். மன்னித்துக்கொள்ளுங்க ராத்தா என்றார்.

போன வாரம் இரண்டாவது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதைத்தான் நான் நம்பியிருந்தேன். வெள்ளை போயிருக்கும், ஆள் திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டு, நேர்ச்சைகூட வைத்திருந்தேன். நளீரா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். வெள்ளை போயிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த இடத்தில் இப்போது கறுப்பாக இருந்தது. குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்ட்டி, கறுப்பாத் தெரியிறது தண்ணி. அந்த எடத்துல மூள இல்ல,” என்றாள். வீக்கம் இருந்தவரைக்கும் அங்கே ஏதாவது மிஞ்சும் என்று அவளும் நினைத்தாளாம். முகத்தையும் குரலையும் இன்னார் என்று சேர்த்துத் தருகிற இடம் அதுதானாம். இனி மாத்திரையால் வலிப்பைக் குறைக்கலாம், அந்த இடத்தைத் திரும்ப முளைக்க வைக்க முடியாது.

அது என்னுடைய இடம், உம்மு குல்தூம். நான் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நிலத்தைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

ராத்தா

•

பதுளை
14.07.2024

என் அன்பு மனைவி பலீலாவுக்கு,

ஸலாம். நீயும் உன் தங்கையும் சுகம் என்று நம்புகிறேன்.

இதை எழுத வெட்கப்படுகிறேன். ஆனால் உனக்கு மறைத்து நான் எதையும் செய்ததில்லை. போன வெள்ளிக்கிழமை எனக்கு வலிப்பு வந்தது. தெளிந்தபோது அந்தப் பெண்ணின் மடியில் என் தலை இருந்தது. அவள் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துகொள்ள உடம்பில் சக்தி இல்லை. அந்நியப் பெண்ணின் மடியில் அப்படியே கிடந்தேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

இது முதல் தடவை இல்லையாம். ஒவ்வொரு முறையும் அவள்தான் தூக்குகிறாளாம். நான் பாவி ஆனதோடு அவளையும் பாவி ஆக்குகிறேன். போய்விடுங்கள் என்று சொன்னேன். போக இடமில்லை என்கிறாள். ஒரு ஆணை வைத்துக்கொள்ளலாம் என்றேன், யாருக்கும் என்னைப் பார்க்கத் தெரியாது என்கிறாள்.

பிள்ளையில்லை என்று உம்மா இன்னொரு நிக்காஹ் பேசியபோது, பலீலா ஒருத்திதான் எனக்கு என்று எழுந்து போனவன் நான். உனக்கு நினைவிருக்கும். அதே வாயால் இப்போது உன்னிடம் அனுமதி கேட்கிறேன். ஒன்று நீ வந்துவிடு. உன்னால் வர முடியாவிட்டால், அந்தப் பெண் என்னைத் தொடுவது பாவமாகாதபடி அவளை நான் நிக்காஹ் செய்துகொள்ள விடு. ஆசைக்காக இல்லை, அல்லாஹ் அறிவான். நீ வேண்டாம் என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

உன்,
ஷுக்ரி

•

அப்புத்தளை
04.08.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்கிறாயா? தபாலில் போட உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஜஸீலிடம் கேட்டால், ராத்தா சமைக்கிறா, பேசுறா இல்ல என்கிறான். மச்சான் தபால்காரனை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

என்ன நடந்தாலும் எழுது. இல்லாவிட்டால் முறிந்த காலோடு வந்து நிற்பேன்.

உம்மு குல்தூம்

•

அப்புத்தளை
09.08.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்களுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும்.

பதில் பிந்தியதற்குக் காரணம் கோபம். யார்மேல் கோபம் என்று தெரியாமல் கொஞ்ச நாள் கிடந்தேன். அவள்மேல் வந்தது, உங்கள்மேல் வந்தது. இத்தனை காலம் கேட்காததை இப்போது கேட்டுவிட்டீர்களே என்று வயிறு எரிந்தது. இப்போது எரியவில்லை.

என்னால் வர முடியாது, மச்சான். வர எவ்வளவோ முயற்சி செய்தேன். அந்தப் பெண்ணை நிக்காஹ் செய்துகொள்ளுங்கள். முழு மனதோடு சம்மதம் தருகிறேன். அவளை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கும் யாரும் இல்லை.

உங்கள் பலீலா

•

பதுளை
25.08.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். இன்று உன் ராத்தாவுக்கு நிக்காஹ். சிரிக்காதே. அழவும் வேண்டாம், அதை நான் செய்து முடித்துவிட்டேன்.

ஸஹாப்தீன் மௌலவியிடம் ஜஸீல் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் நிக்காஹ் முறியவேயில்லை, நோயாளி என்னை ராத்தா என்று கூப்பிட்டதால் ஒன்றும் ஆகாது, கட்டியிருப்பதைத் திரும்பக் கட்டத் தேவையில்லை என்றார். ஆனால் அந்த மனுஷன் மனம் ஆறுவதற்காக நாலு பேருக்கு முன் வார்த்தைகளை ஓதுவதில் பிழையில்லை என்றும் சொன்னார்.

முன்னறையில் பாய் போட்டோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசியிருந்தார். பெண்ணின் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் மௌலவி தடுமாறினார். ஜஸீல்தான், “என்ட ராத்தாவ ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தாரேன்” என்று சமாளித்தான். கடைப் பையனின் அக்காவா என்று அவர் சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளை தர வேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். “அந்த முன்கதவச் சாத்தச் சொல்லுங்க, குளிருது” என்றேன். அது மஹரில் சேராது என்று மௌலவி சிரித்தார். அவர் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி வைத்தார்.

ஓதுவதற்கு முன் மௌலவி, பெண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க, அது சுன்னத், நபி காட்டிய வழி என்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இதற்கெல்லாம் உடன்பட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். படத்தில் அந்த இடம் கறுப்பு என்று தெரிந்தும், உள்ளே ஒரு பைத்தியக்கார ஆசை. முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

பார்த்தார். நோய் வந்த பிறகு முதல் தடவையாக முழுமுகமாகப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மௌலவியிடம் திரும்பி, “எனக்குச் சம்மதம். ஆனா பலீலாட எடத்த மட்டும் கேக்கப்படாது எண்டு சொல்லிருங்க. அது அவட,” என்றார்.

“கேக்க மாட்டேன்” என்றேன்.

எல்லோரும் போன பிறகு அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கடதாசி கேட்டு வாங்கி, பலீலாவுக்கு என்று ஒரு கடிதம் எழுதி ஒட்டித் தந்தார். மற்றக் கடிதங்களை அவர் கொடுத்த கையோடு அடுக்களையில் நின்று பிரித்துவிடுவேன். இதைப் பிரிக்க மனம் வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ உன் கையால் பிரித்துப் படித்துவிட்டு எனக்கு அனுப்பு.

உன் ராத்தா,
பலீலா

•

பதுளை
25.08.2024

என் அன்பு மனைவி பலீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பைக் கவனித்துக்கொள். நான் சுகம்.

நீ சம்மதம் தந்தபடி இன்று நிக்காஹ் முடிந்தது. மறைக்கக்கூடாது என்று உடனே எழுதுகிறேன். அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், உன் இடம் உன்னுடையது என்று. அவள் கோபப்படவில்லை. முகத்தைப் பார்த்தேன். வயதான, களைத்துப்போன முகம். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

இன்று மாலை அவள் கையைப் பிடித்தேன். இனி பிடிக்கலாம் என்று மௌலவி சொன்னார். அவள் கையை இழுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

நீ என்னை மன்னிக்க வேண்டும், பலீலா. உன் கை என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்தேன்.

உன்,
ஷுக்ரி